சொன்ன பேச்சு கேட்பது: வேதாகமக் குடும்பக் கதைகளில் கீழ்ப்படிதலும் நம்பிக்கையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் கேட்பதும், அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் நின்றபடி கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். பெயர்களும் மேற்கோள்களும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்படி இருக்கின்றன.

'கீழ்ப்படி' என்பதற்கு எபிரெய மூலத்தில் என்ன சொல்?

அதற்கென்று தனிச்சொல் இல்லை என்பதுதான் வேடிக்கை. பெரும்பாலான இடங்களில் 'ஷாமா' என்று இருக்கும். 'கேள்' என்று பொருள். காதில் விழுவதும் அதுதான், சொன்னபடி செய்வதும் அதுதான். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'பெரியவங்க பேச்சைக் கேளு' என்றால் காதைக் கொடுத்துவிட்டு சும்மா இரு என்றா அர்த்தம்? மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையில் ஆபிரகாமிடம் 'நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்' என்று வரும் வசனமும் மூலத்தில் 'என் குரலைக் கேட்டதால்' என்றுதான் இருக்கிறது.

தமிழில் 'கேள்' என்பதற்கு மூன்றாவது பொருளும் உண்டு, கேள்வி கேட்பது. எபிரெயத்தில் அதற்கு வேறு சொல். ஆனால் கதைகளைப் படித்துப் பாருங்கள். சொன்ன பேச்சு கேட்கிறவர்கள் அநேகமாக ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். 'தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே' என்கிறான் ஈசாக்கு. இயேசு பிறப்பார் என்று சொல்ல வந்த தூதன் காபிரியேலிடம் 'இது எப்படியாகும்' என்று கேட்டுவிட்டுத்தான் மரியாள் சம்மதம் சொல்கிறாள். கேள்வி கேட்டதற்காக இந்த இருவரையும் யாரும் அதட்டவில்லை.

விசுவாசம், நம்பிக்கை: எது சரி?

இரண்டும் ஒன்றுதான். பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம்' என்கிறது, 1995-இல் வந்த திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. எபிரெய வேர்ச்சொல்லுக்கு ஆடாமல் நிற்பது என்று பொருள். 'ஆமென்' பிறந்ததும் அதிலிருந்துதான். யாத்திராகமம் 17-இல் இஸ்ரவேலருக்கு அமலேக்கியரோடு சண்டை நடக்கிறது. குன்றின்மேல் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருந்தால்தான் இஸ்ரவேலர் ஜெயிப்பார்கள். கை ஓய்ந்துபோகிறது. ஆரோனும் ஊரும் (இது ஒருவர் பெயர்) ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் 'உறுதியாக' இருந்தன என்கிற இடத்தில் வரும் சொல்தான் வேறு இடங்களில் உண்மை, விசுவாசம் என்றெல்லாம் வருகிறது. தன் பலத்தில் நின்ற கைகள் அல்ல அவை. குடும்பத்துக்குள் நம்பிக்கை என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கல்லும் அந்த நாலு கைகளும்தான்.

'அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படி' என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்றுதானே?

இல்லை. 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்றுதான் கட்டளை. எபிரெயச் சொல்லின் வேருக்கும் பாரம், எடை என்றே பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'கனம்' என்று போட்டது அச்சில் வார்த்தது மாதிரி பொருந்திவிட்டது. பெற்றோரை லேசாக எடுத்துக்கொள்ளாதே என்பது கருத்து. சொன்னதையெல்லாம் செய் என்பது அதில் இல்லை.

இந்தக் கட்டளை சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைப்பதும் சரியில்லை. மாற்கு 7-இல் இயேசு இதைச் சொல்லிக் கண்டிப்பது வளர்ந்த ஆட்களை. வயதான பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டுத் தப்பித்துக்கொண்டவர்களை.

(இது ஐந்தாவதா நான்காவதா என்று வீட்டில் சண்டை வேண்டாம். கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் நான்காவது, மற்ற பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் ஐந்தாவது. எண்ணும் முறைதான் வேறு.)

ஆபிரகாம் ஈசாக்கைக் கட்டிப் பலிபீடத்தில் கிடத்திய கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மகனைப் பலியிடு என்று கடவுள் சொல்ல, ஆபிரகாம் அவனை மோரியா மலைக்குக் கூட்டிப்போக, கடைசி நேரத்தில் தூதன் தடுத்துவிடுகிற கதை இது (ஆதியாகமம் 22). முதலில், படம் போட்ட புத்தகத்தில் இருக்கும் ஆறு வயதுப் பையனை மறந்துவிடுங்கள். ஈசாக்கு தகனபலிக்கான கட்டைகளைத் தோளில் சுமந்து மலை ஏறியிருக்கிறான். யூத மரபில் ஒரு கணக்கு உண்டு. சாராள் அவனைப் பெற்றது 90 வயதில், இறந்தது 127-இல். மோரியா செய்தி கேட்டுத்தான் இறந்தாள் என்று வைத்து, அப்போது அவனுக்கு 37 வயது என்பார்கள். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் 25 என்கிறார். வேதத்தில் வயது சொல்லப்படவில்லை. நூறு தாண்டிய கிழவரால் திமிறுகிற வாலிபனைக் கட்டிப்போட முடியாது என்பது மட்டும் தெரிகிறது. அப்படியென்றால் கதை ஆபிரகாமைப் பற்றியது மட்டும் அல்ல.

அடுத்து, அந்த உரையாடலை நிதானமாக வாசியுங்கள். மூன்று நாள் பயணத்தில் தகப்பனும் மகனும் பேசிக்கொண்டதாக எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'என் தகப்பனே.' 'என் மகனே, இதோ, இருக்கிறேன்.' 'நெருப்பும் கட்டையும் இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?' 'தேவன் பார்த்துக்கொள்வார்.' இந்த 'இதோ' மூலத்தில் 'ஹின்னேனி'. கடவுள் கூப்பிட்டபோதும் ஆபிரகாம் அதைத்தான் சொன்னார், கத்தியை ஓங்கிய நேரத்தில் தூதன் கூப்பிட்டபோதும் அதையேதான். நடுவில் மகனுக்கும் அதே பதில். கடவுளுக்குக் கொடுத்த அதே கவனத்தை மகனுக்கும் கொடுக்கிறார். ஆனால் மகன் கேட்டதற்கு நேரான பதிலை அவர் கொடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கி, 'அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்களா சார்?' என்று கேட்டது. அந்த அதிகாரத்தில் சாராள் பெயரே வரவில்லை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அவள் இறந்துபோகிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

குர்ஆனிலும் இந்தக் கதை இருக்கிறதே?

இருக்கிறது. பக்ரீத் பெருநாளே அதன் நினைவுதான். குர்ஆன் மகனின் பெயரைச் சொல்வதில்லை. இஸ்மாயீல் (வேதாகமத்தில் இஸ்மவேல், ஆபிரகாமின் மூத்த மகன்) என்பதே முஸ்லிம்களிடம் பரவலான கருத்து. அங்கே இப்ராஹீம் (ஆபிரகாம்) தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி, 'உன் அபிப்பிராயம் என்ன' என்று கேட்கிறார் (37:102). மகன் சம்மதிக்கிறான். ஆதியாகமத்தில் மகன் தகப்பனைக் கேட்கிறான், குர்ஆனில் தகப்பன் மகனைக் கேட்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் இரண்டுமே புதிதாகத் தெரியும்.

சோதோமுக்காகப் பேரம் பேசிய ஆபிரகாம், சொந்த மகனுக்காக ஏன் வாய் திறக்கவில்லை?

நல்ல கேள்வி. ஆதியாகமம் 18-இல், சோதோம் ஊரைக் கடவுள் அழிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் மனிதர் விடுவதாக இல்லை. 50 நீதிமான்கள் இருந்தால் ஊரை விடுவீரா என்று ஆரம்பித்து 45, 40, 30, 20 என்று இறங்கி 10-இல் வந்து நிற்கிறார். நம் ஊர்ச் சந்தையில்கூட அப்படி ஒரு பேரத்தைப் பார்க்க முடியாது. நாலு அதிகாரம் கழித்து, அதிகாலையில் எழுந்து கழுதைமேல் சேணம் கட்டிப் புறப்படுகிறார். ஒரு வார்த்தை கிடையாது.

அந்த மௌனம்தான் நம்பிக்கை என்பவர்கள் உண்டு. வேலைக்காரரிடம் 'திரும்பி வருவோம்' என்று பன்மையில் அவர் சொன்னதைக் காட்டுவார்கள். செத்தாலும் கடவுள் எழுப்புவார் என்று நினைத்தார் என்கிறது எபிரெயர் 11. பேசியிருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டுவது 19-ஆம் வசனம்: ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வந்தார் என்று இருக்கிறது, ஈசாக்கைப் பற்றிப் பேச்சில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. 175 வயதில் ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து மக்பேலா குகையில் அடக்கம் செய்கிறார்கள், அவ்வளவுதான். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியையும் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

அப்படியானால் 'கடவுள் சொன்னார்' என்று பெரியவர் ஒருவர் சொன்னால் பிள்ளை எதற்கும் உட்பட வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கதையின் கடைசிக் கட்டளை 'பிள்ளையின்மேல் கை போடாதே' என்பது. பின்னாளில் இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளை நெருப்பில் எரித்தவர்களைப் பற்றி எரேமியா 7-இல் கடவுள் சொல்வது, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று.

கணவன் மனைவி பேச்சைக் கேட்கும் இடம் உண்டா?

உண்டு, கடவுளே சொல்கிறார்: 'சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்' (ஆதியாகமம் 21:12). கல்யாண வீட்டுப் பிரசங்கங்களில் இந்த வசனத்தை நான் கேட்டதே இல்லை. சாராள் சொன்னது அடிமைப்பெண் ஆகாரையும் அவள் பிள்ளை இஸ்மவேலையும் துரத்திவிடும்படி என்பதால், வாழ்த்து மடலில் போடுவதற்கும் தோதான வசனம் அல்ல.

யாக்கோபு அம்மா சொன்னதைத்தானே செய்தான்? அது எப்படித் தப்பாகும்?

ஈசாக்கு மூத்தவன் ஏசாவுக்குக் கொடுக்க இருந்த ஆசீர்வாதத்தை, இளையவன் யாக்கோபு அண்ணன் வேஷத்தில் போய் வாங்கிய கதை இது (ஆதியாகமம் 27). 'என் சொல்லை மாத்திரம் கேள்' என்றுதான் அம்மா ரெபெக்காள் சொன்னாள், அவனும் கேட்டான். ஆனால் கவனியுங்கள், அவன் சொன்ன ஒரே ஆட்சேபம் அப்பா தடவிப் பார்த்தால் எத்தன் என்று மாட்டிக்கொள்வேனே என்பது. இது தப்பு என்று அவன் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டால் சாபம் என்மேல் வரட்டும் என்று அம்மா பொறுப்பு ஏற்றதும் அந்தத் தடையும் போய்விட்டது.

அந்தக் கூடாரத்துக்குள் நடப்பதைப் பாருங்கள். பார்வை மங்கிப்போன ஈசாக்கு. மகனின் கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோல். உடம்பில் ஏசாவின் நல்ல உடுப்பு. முன்னால் வேட்டைக்கறி என்று சொல்லி வைத்த ஆட்டுக்கறி. தொட்டுப் பார்க்கிறார், ஏசா. சாப்பிட்டுப் பார்க்கிறார், ஏசா. முகர்ந்து பார்க்கிறார், வயல்வெளி வாசனை, ஏசா. காது மட்டும் உண்மையைச் சொல்கிறது: 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்.' ஈசாக்கு காதை நம்பாமல் கையை நம்பினார்.

இந்த வீட்டில் நம்பிக்கை உடைந்தது அன்றைக்கு அல்ல, அதற்கு முன்பே. ஈசாக்குக்கு ஏசா செல்லம், ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம் என்று 25-ஆம் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. புருஷனும் பெண்சாதியும் ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க வேண்டியதைப் பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். விலை பெரியது. 'சிலநாள்' போய் இரு என்று அனுப்பிய மகன் தாய்மாமன் லாபான் வீட்டில் 20 வருடம் கிடந்தான். அம்மாவை அவன் மறுபடி பார்த்ததாக எழுதியில்லை. ரெபெக்காளின் தாதி தெபோராள் இறந்ததற்குக்கூட ஒரு வசனம் இருக்கிறது, ரெபெக்காளின் மரணத்துக்கு இல்லை.

அப்புறம், அந்த ஆட்டுக்குட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும்.

யோசேப்பு கதையில் யார்மேல் தப்பு?

யாக்கோபு தன் செல்ல மகன் யோசேப்புக்குக் கொடுத்த அங்கியில் ஆரம்பிக்கலாம். 'பலவருணமான அங்கி' என்று நாம் படிப்பதன் எபிரெயத் தொடருக்கு நீளக் கையுள்ள அங்கி என்றும் பொருள் சொல்கிறார்கள். எப்படியானாலும் அது வயல்வேலைக்கான உடுப்பு அல்ல. செல்லப் பிள்ளையாக வளர்ந்து அதனால் பட்ட யாக்கோபு, அதே காரியத்தைத் தன் வீட்டிலும் செய்தார். எரிச்சலில் கொதித்துக்கொண்டிருந்த அண்ணன்மாரிடம் 17 வயதுப் பையனைத் தனியே அனுப்பியதும் அவர்தான். எபிரோனிலிருந்து சீகேம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 'இதோ, போகிறேன்' என்றான் யோசேப்பு. மறுபடியும் அந்த 'ஹின்னேனி'. சொன்ன பேச்சு கேட்டதால் குழிக்குள் போனவன் அவன். வெள்ளிக்காசு இருபதுக்கு விற்றார்கள். விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. பிறகு வெள்ளாட்டுக்கடா ஒன்றை அடித்து, அதன் இரத்தத்தில் அங்கியைத் தோய்த்து அப்பாவிடம் அனுப்பினார்கள். வெள்ளாட்டுத் தோலால் தகப்பனை ஏமாற்றியவர் வெள்ளாட்டு இரத்தத்தால் ஏமாந்தார்.

பென்யமீனை அனுப்ப ரூபன் கேட்டபோது மறுத்த யாக்கோபு, யூதா கேட்டபோது மட்டும் ஏன் இணங்கினார்?

எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு, தானியம் வாங்க வந்த அண்ணன்மாரிடம் தான் யாரென்று சொல்லாமல், கடைசித் தம்பி பென்யமீனைக் கூட்டிவரச் சொல்லியிருந்தான். பஞ்சம் முற்றி வீட்டில் தானியம் தீர்ந்துபோனது ஒரு காரணம். ஆனால் இரண்டு பேர் பேசிய விதத்தையும் பாருங்கள். பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் 'என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும்' என்கிறான் ரூபன். பேரப்பிள்ளைகளைக் கொன்றால் எந்தத் தாத்தாவுக்கு ஆறுதல் கிடைக்கும்? வாய் வீரம். யூதா 'நானே பிணை, என்னிடத்தில் கேளும்' என்கிறான். அவன் ஏற்கெனவே ஏர், ஓனான் என்ற இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவன். பிள்ளை போவது என்னவென்று யாக்கோபைப் போலவே அவனுக்கும் தெரியும்.

பிணை என்ற சொல்லுக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 38-ஆம் அதிகாரத்தில் மருமகள் தாமாரிடம் முத்திரைமோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அடைமானமாகக் கொடுத்து, பிறகு அவற்றாலேயே பிடிபட்டு, 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று ஒத்துக்கொண்டவன் யூதா. அந்த 'அடைமானம்', இந்தப் 'பிணை', இரண்டும் எபிரெயத்தில் ஒரே வேர். அன்றைக்குப் பொருளை அடகு வைத்தான், இன்றைக்குத் தன்னையே.

எகிப்தில் பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கோப்பை அகப்பட்டதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்தான். அந்த நீண்ட பேச்சில் அப்பா சொன்னதாக ஒரு வரி சொல்கிறான்: 'என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்.' மனைவி என்றால் அப்பாவுக்கு யோசேப்பையும் பென்யமீனையும் பெற்ற ராகேல் மட்டும்தான். யூதா இன்னொரு மனைவி லேயாளின் மகன். தன் அம்மாவைக் கணக்கிலேயே சேர்க்காத அந்த வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொல்லி, அப்படிச் சொன்ன அப்பாவுக்காகக் கெஞ்சுகிறான். கீழ்ப்படிதலைப் பற்றி வேதத்தில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரூத் மாமியாருக்குக் கீழ்ப்படிந்த மருமகளுக்கு உதாரணம்தானே?

பாதிதான் சரி. மகன்களை இழந்து சொந்த ஊருக்குத் திரும்பிய மாமியார் நகோமி, விதவைகளான மருமகள்மார் இருவரையும் திரும்பத் திரும்ப உங்கள் தாய்வீட்டுக்குப் போங்கள் என்றாள். அந்தப் பேச்சைக் கேட்டவள் ஓர்பாள். மாமியாரை முத்தமிட்டு அழுதுவிட்டுப் போனாள். கேட்காதவள் ரூத். 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்' என்பது பேச்சை மீறும்போது சொன்ன வார்த்தை. ஓர்பாளைத் திட்டிப் பிரசங்கம் செய்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

மூன்றாம் அதிகாரத்தில், களத்துக்குப் போகும்முன் 'நீர் எனக்குச் சொன்னபடியெல்லாம் செய்வேன்' என்கிறாள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை உறவினன் போவாஸ் சொல்வான் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருக்க, அங்கே போனவள் அவன் என்ன செய்ய வேண்டும் என்பதை, தன்னைக் கல்யாணம் செய்ய வேண்டும் என்பதை, தானே சொல்லிவிடுகிறாள். திரும்பி வரும்போது ஆறுபடி வாற்கோதுமை.

யெப்தாவின் மகளை என்னவென்று சொல்வது?

நியாயாதிபதிகள் 11. போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று தகப்பன் பொருத்தனை (நேர்ச்சை) செய்தான். மேளத்தோடு ஆடிக்கொண்டு வந்தவள் ஒரே மகள். அவள் இரண்டு மாதத் தவணை கேட்டாள், தோழிகளோடு மலைகளுக்குப் போய் அழுதாள், திரும்பி வந்தாள். அவளைப் பலியிட்டானா, கன்னியாகவே விட்டுவைத்தானா என்ற தர்க்கம் இன்னும் தீரவில்லை. லேவியராகமம் 27-இன்படி பொருத்தனை செய்த ஆளைப் பணம் கட்டி மீட்க வழி இருந்தது. அவனும் பிரதான ஆசாரியனும் 'நான் ஏன் அவனைத் தேடிப் போகணும்' என்று ஆளுக்கொரு கௌரவம் பார்த்ததில் பெண் போய்விட்டாள் என்று பழைய யூத விளக்கவுரை ஒன்று சொல்கிறது. அவளுடைய கீழ்ப்படிதலைப் புகழ்ந்து பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்பா சொல்வது அநியாயம் என்றால்?

சவுல் ராஜாவின் மகன் யோனத்தானைப் பாருங்கள். சவுல் அவனுடைய நண்பன் தாவீதைக் கொல்லச் சொன்னபோது மறுத்துக் கேள்வி கேட்டான், அப்பா அவன்மேலேயே ஈட்டியை எறிந்தார். அதற்கு முன்பே, சாயங்காலம்வரை சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஆணையிட்டது தெரியாமல் கோல் நுனியில் தேன் எடுத்து ருசித்ததற்காகச் சாக வேண்டியவன். ஜனங்கள் குறுக்கே வந்து தடுத்தார்கள். யெப்தாவின் மகளுக்கு அப்படி ஒரு ஜனம் இருக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு யோனத்தான் அப்பாவை விட்டுப் போகவும் இல்லை. கில்போவா மலையில் இருவரும் ஒரே நாளில் செத்தார்கள்.

அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறதே உபாகமம்?

21-ஆம் அதிகாரம். தகப்பன் தனியாகத் தண்டிக்க முடியாது. தாயும் சேர்ந்து மூப்பரிடம் கொண்டுபோக வேண்டும். யூத ரபிமார் இதற்கு நிபந்தனைமேல் நிபந்தனை போட்டார்கள். அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்ற கருத்தையே யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் பதிவு செய்கிறது.

பெற்றோருக்கு ஒன்றும் சொல்லவில்லையா?

'பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்' என்ற எபேசியர் 6-இல் மூன்று வசனம் தாண்டி 'பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்' என்று வருகிறது. கொலோசெயர் 3 காரணமும் சொல்கிறது: 'திடனற்றுப்போகாதபடி.' ரோமச் சட்டம் தகப்பனுக்குப் பிள்ளைகள்மேல் அளவற்ற அதிகாரம் கொடுத்திருந்த காலத்தில் எழுதிய கடிதங்கள் இவை.

ஒருமுறை உடைந்த நம்பிக்கை திரும்ப ஒட்டுமா?

யோசேப்பு அண்ணன்மாரை மன்னித்து, அழுது, கட்டிப்பிடித்து, எகிப்தின் கோசேன் நாட்டில் குடியேற்றிச் சோறு போட்டான். யாக்கோபு எகிப்தில் 17 வருடம் இருந்து இறந்தார். முன்பு யோசேப்பு அப்பாவோடு இருந்ததும் 17 வருடம்தான். அடக்கம் முடிந்து திரும்பியதும் அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிட்டது, இனி பழிவாங்குவானோ என்று. ஆள் அனுப்பி, சகோதரரை மன்னிக்கும்படி சாகுமுன் அப்பா சொன்னார் என்று சொல்ல வைத்தார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேறு எங்கும் இல்லை. அப்பா பேச்சு என்றால் கேட்பான் என்று தெரிந்து அவர்களே கட்டியதாக இருக்கலாம். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான்.

இவ்வளவு வருடம் ஆகியும் என்னை நம்பவில்லையே என்று அழுதிருப்பான் என்கிறேன் நான். வகுப்பில் ஒரு பையன், 'அப்பா ஞாபகம் வந்திருக்கும் சார்' என்றான்.